கிணற்றடிக்கு வந்த விருந்தாளி

மாரி கழிந்த கையோடு எமது வளவின் கிணற்றடியில், வாழைப்பாத்தியின் ஓரமாகப் புதுச்செடிகள் சில தலைகாட்டின. விதைத்தவர் எவருமிலர். தரையோடு வட்டமாய்ப் படிந்த இலைகள், கரட் இலையைப் போல ஆழமாய்ப் பிளவுபட்டிருந்தன. முருங்கையும் கறிவேம்பும் துளசியும் வளரும் வளவிலே இவை எங்கிருந்து வந்தனவென வியந்து நின்றோம்.

"தம்பி, இது மாசிப்பத்திரி போலக் கிடக்கு. அவிச்சு ஆவி பிடிச்சால் பிள்ளையின்ரை தடிமன் போயிடும்" என்றார் எமது மாமியார். இளைய மகள் இரு நாளாய்த் தும்மிக்கொண்டிருந்த வேளை அது.

"பொறுங்கோ மாமி, பேர் தெரிஞ்ச பிறகு அவிப்பம்" என்றோம். படித்தவர்க்கு எதிலும் ஐயந்தான் என்று முணுமுணுத்தவாறே அவர் நொச்சியிலை பறிக்கப் போனார்.

மறுநாள் ஹென்றி ட்றைமென் எழுதிய இலங்கைத் தாவர நூலைப் புரட்டினோம். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த அவர் 1893 இல் வெளியிடத் தொடங்கிய நூல் அது. அவர் 1896 இல் மறைந்தபின், ஹூக்கர் என்பார் 1900 இல் அதனை நிறைவு செய்தார். மாசிப்பத்திரியின் இனத்தைக் கூறும் பகுதியை இருமுறை படித்தும் எமது செடிக்கு ஒத்த விவரணம் அகப்படவில்லை.

அடுத்த வாரம் கண்டியில் அலுவல் ஒன்று வாய்த்தது. செடியொன்றை வேரோடு பிடுங்கிப் பழைய பத்திரிகையின் மடிப்பில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினோம். ஆனையிறவின் வெளியும் வன்னிக் காடும் பின்னகர, மாத்தளையை அண்மியதும் மலைகள் எதிர்கொண்டன.

1821 இல் அமைக்கப்பட்ட பேராதனைப் பூங்கா 147 ஏக்கர் பரப்புடையது. மகாவலி கங்கை அதனை வளைத்து ஓடுகின்றது. நெடிதுயர்ந்த பனையின வரிசைகளையும் மூங்கிற் புதர்களையும் கடந்து, உலர்தாவரங்களைப் பேணும் நிலையத்தை அடைந்தோம்.

அங்கிருந்த அலுவலர் மடிப்பை விரித்தார். எந்த நூலையும் அவர் நாடவில்லை. "பார்த்தீனியம்" என்றார்.

எமக்கு நாணமாயிற்று. அப்பெயரை எத்தனையோ முறை கேட்டிருந்தோம்; மாணவர்க்குச் சொல்லியுமிருந்தோம். ஆளைத்தான் அறிந்திலோம்! அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து பரவிய அச்செடி, எமது நாட்டில் 1999 ஆம் ஆண்டளவில் வவுனியாப் பக்கத்திலே இனங்காணப்பட்டதாம். பழைய நூலில் அது இல்லாத காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

அதன் சாறு பட்டால் சிலர்க்குத் தோல் அழன்று தடிக்கும். மகரந்தம் தும்மலையும் இழுப்பையும் தூண்டும். அதனை மேய்ந்த பசுவின் பாலும் கசக்கும். ஒரு செடியே பதினாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளைச் சிந்தவல்லது. விதைகள் மாட்டெருவோடும் மண்ணோடும் ஊர்விட்டு ஊர் செல்லும். வாழைக்கென நாம் ஏற்றுவித்த ஒரு வண்டி எரு அக்கணமே நினைவிற்கு வந்தது.

"நல்லகாலம், இது பூக்கவில்லை. பூத்து முற்றியதைக் கொண்டுவந்திருந்தால் வழியெல்லாம் விதைத்து வந்திருப்பீர்கள்" என்றார் அவர் சிரித்தபடி. எமக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு திரும்பியபோது இரண்டு செடிகள் நிமிர்ந்து, உப்புக்கல் சிதறினாற்போல வெண்பூக்களைக் காட்டின. கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியாற் கட்டி, ஈரமண்ணிலிருந்து வேரோடு பிடுங்கினோம். உதிராதவாறு பைக்குள் இட்டுச் சென்று, பிள்ளைகளை அப்பாற் போகச்சொல்லி ஆழக் குழியிற் புதைத்தோம்.

மாமியார் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளைக்கு அவிச்சுக் குடுக்கப் பாத்தனே" என்றார் மெல்ல. அவர்மீது குற்றமில்லை. அவர் கண்ட மூலிகைகள் அனைத்தும் பெயர் அறிந்த மூலிகைகள்; பெயரை அறிந்தும் உருவை அறியாதிருந்தவர் நாமே.

மண்ணில் விழுந்த விதை பல ஆண்டு உறங்கும் என்பர். ஆகவே, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மாமியாரும் நாமும் கிணற்றடியைச் சுற்றி வருகின்றோம். சென்ற கிழமை முதலிற் கண்டுபிடித்தவர் அவரே.