வானத்துக் கண்ணுக்கு யார் காவல்?

2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளை நான் வரவேற்கிறேன். அவ்வாண்டு ஜூனில் ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது ட்ரோன்வழிக் குண்டு வீழ்ந்ததன்றோ? பதிவும் கட்டுப்பாடும் வேண்டியனவே.

ஆனால் 2024 பிப்ரவரியில், ஷம்பு எல்லையில் திரண்ட உழவர்மீது அரியானா காவல்துறையின் ட்ரோன்கள் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசின. உழவர்களோ காற்றாடி விட்டு அவற்றைத் தடுக்க முயன்றனர்! தம் எல்லைக்குள் ட்ரோனை அனுப்பலாகாதெனப் பஞ்சாப் அதிகாரிகளும் மறுப்புத் தெரிவித்தனர்.

பதிவு எண், ட்ரோன் யாருடையது என்று சொல்லும். யார் ஆணையால் பறந்தது, எவரைப் படம் பிடித்தது, அப்படம் எத்தனை நாள் இருக்கும் என்பவற்றைச் சொல்லாது. இவற்றைக் குறித்துவைக்க ஓர் ஏடும், அதைத் தணிக்கை செய்ய, காவல்துறையைச் சாராத ஒருவரும் வேண்டும் என்பேன். அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை கூரையோடு முடிவதன்று.