பொன்னுருவி வர மூணு மணி ஆகும்

செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்தில் பங்குனி பிறந்ததிலிருந்து ஆடி முடியும் வரை கூத்துக் கலைஞர்களுக்குப் பகலில்தான் தூக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்துவிட்டால் மதியம் பிரசங்கம், இரவு கூத்து. பிரசங்கியார் வாயால் சொன்ன கதை ராத்திரி வேஷம் கட்டிக்கொண்டு எதிரே வந்து நிற்கும். கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம், பிறகு தீமிதி. அதற்கு முன்னால் வரும் இரவுகளில் ஊர் அதிகம் எதிர்பார்ப்பது கர்ண மோட்சத்தை. நான் போய் உட்கார்ந்தது அந்த இரவுக்குத்தான்.

பந்தலுக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்திருந்தது. அதுதான் ஒப்பனை அறை. பெட்டிகளுக்கு நடுவே சம்மணமிட்டு, இடது கையில் சின்னக் கண்ணாடியுடன் தன் முகத்தைத் தானே எழுதிக்கொண்டிருந்தார் கர்ணன் வேஷக்காரர். பகலில் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். தேங்காய் எண்ணெயில் குழைத்த சிவப்பு முகம் முழுக்கப் பரவிய பிறகு, ஈர்க்குச்சி முனையால் புருவத்துக்கு மேல் வெள்ளைப் புள்ளிகள் ஏறின. அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் புள்ளி வைக்கத் தொடங்கியதும் வாயைத் திறக்கவில்லை.

கட்டை கட்டுவதுதான் இதில் பெரிய வேலை. கிரீடம், தோள் அணி, மார்பு அணி எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியவை. தூரத்தில் பார்க்கிறவருக்கு மலைப்பு. கையில் எடுத்தால் அவ்வளவு கனமில்லை. ஆனால் விடியும் வரை சுழன்று ஆடும் உடம்பில் அது நகரக் கூடாது. ஒரு பையன் கயிற்றின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு மறு முனையை முதுகுக்குப் பின்னால் இழுத்தான். "இன்னும் இறுக்குடா, மூச்சு நிக்காது" என்றார் கர்ணன். முடிச்சு விழுந்ததும் தோளை இரண்டு முறை குலுக்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

முன்வரிசையில் பாய் போட்டிருந்த பெரியவர்கள்தான் இந்த ஊரின் விமர்சகர்கள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாத விமர்சனம் அவர்களுடையது. முகவீணைக்காரர் ஊதத் தொடங்கிய உடனே ஒருவர், "ஆர்மோனியத்தோட சேரலை" என்றார். கொஞ்ச நேரத்தில் சேர்ந்தது. "இப்ப சரி" என்று வெற்றிலையை மடித்தார். திரைக்குப் பின்னால் நின்று பாடிக் கிரீடத்தை மட்டும் காட்டும் துரியோதனனைப் பார்த்து, போன வருஷம் வேறு செட்டில் வந்த துரியோதனனோடு ஒப்பிட்டார் இன்னொருவர். அந்த ஒப்பீடு இரண்டு விருத்தங்கள் வரை நீண்டது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் யாரையும் விடவில்லை. ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியைக் கிண்டலடித்த கையோடு, நோட்டும் பேனாவுமாக இருந்த என்னைக் காட்டி, "ரேஷன் கார்டுல பேரு சேக்க ஆள் வந்துகீது, ராத்திரியிலேயே குடுத்துடுங்க" என்றான். பந்தலே சிரித்தது.

அச்சில் இந்தக் கலையைப் பற்றி வருவதில் பெரும்பாலானவை இரண்டே வகைதான். ஒன்று, விழாச் செய்தி: விடிய விடிய நடந்தது, திரளான பக்தர்கள் கண்டுகளித்தனர். மற்றது, அழிந்துவரும் கலை என்ற ஒப்பாரி. இரண்டிலும் நேற்றைய கர்ணன் நன்றாக ஆடினாரா என்ற தகவல் இருக்காது. சென்னையில் சபா நாடகத்துக்குக்கூட வசனம் சரியில்லை, இரண்டாம் பாதி இழுவை என்று எழுத ஆள் உண்டு. கூத்துக்காரருக்குக் கிடைப்பது அனுதாபம் மட்டும். குறை சொல்லாமல் கும்பிட்டுவிட்டுப் போவதும் ஒரு வகை அலட்சியம்தான் என்பது என் கட்சி.

விதிவிலக்குகள் உண்டு. பழைய தஞ்சாவூர் மாவட்டத்துப் புஞ்சையில் பிறந்து, சிறுகதையில் பெயர் வாங்கிய ந. முத்துசாமி எழுபதுகளில் தெருக்கூத்தைப் பார்க்கத் தொடங்கினார். பார்த்ததை 'அன்று பூட்டிய வண்டி' கட்டுரைகளாக எழுதினார். நாட்டுப்புறம் என்று ஓரமாக ஒதுக்காமல் தமிழரின் நாடக வடிவம் இதுதான் என்று வாதிட்டவர் அவர். 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியபோது அந்த வாதம் செயலாகவும் ஆனது; செய்யாறு பக்கத்துப் புரிசையின் கண்ணப்பத் தம்பிரான் அந்த நடிகர்களோடு சேர்ந்து வேலை செய்தார். நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்கு வந்த ஹன்னே தெ புருய்ன் இன்னொரு வகை. 1990-இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கத்தில் பெருங்கட்டூர் ராஜகோபாலோடு உழைத்துக்கொண்டே எழுதியவர். கட்டைக்கூத்து பற்றிய அவருடைய நூல் 1999-இல் வந்தது. அவர்கள் 2002-இல் தொடங்கிய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டக் கற்றார்கள். நாடகத்துக்கென்றே இதழ் நடத்திய வெளி ரங்கராஜனையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். இவர்கள் எழுத்தில் நடிகர்கள் பெயரோடு வருகிறார்கள். பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு மனுஷர் வியர்த்துக்கொண்டிருப்பது தெரிகிறது.

 

அந்த இரவு பன்னிரண்டு மணிக்கு உள்ளூர்ச் செய்தியாளர் இரண்டு படம் எடுத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. காலையில் வேறொரு ஊரில் கும்பாபிஷேகம். "பொன்னுருவி வர மூணு மணி ஆகும், அதைப் பார்க்காம போறாரே" என்று பாய்க்காரப் பெரியவர்தான் அங்கலாய்த்தார்.

மூணு மணிக்குக் கர்ணனின் மனைவி பொன்னுருவி வந்தாள். இருபது வயதைத் தாண்டாத பையன் கட்டிய வேஷம். போருக்குப் புறப்படும் கர்ணன் விடைகேட்க வருகிறான். தேரோட்டி வளர்த்தவன், குலம் தெரியாதவன் என்று அவள் அவனை ஏற்க மறுக்கிறாள். முதல் தருப் பாட்டு முழுவதும் பையன் அவன் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஜனத்தைப் பார்த்தே பாடினான். கர்ணன் தன் பிறப்பைச் சொல்லச் சொல்ல, கழுத்து மட்டும் மெதுவாகத் திரும்பியது. கையிலிருந்த முந்தானை எப்போது நழுவியது என்று நான் கவனிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த பேரப்பிள்ளையைத் தட்டி எழுப்பிய ஒரு கிழவி, "பாருடி, இப்பதான் புத்தி வருது அவளுக்கு" என்றாள். எனக்குப் பின்பாட்டு ஒன்றுதான் உறுத்தல். பையன் குரலைத் தாழ்த்திய இரண்டு இடங்களிலும் பின்பாட்டுக்காரர்கள் மேலே ஏறி அதை மூடிவிட்டார்கள்.

விடிந்து, கர்ணன் விழுந்து, குந்தியின் ஒப்பாரியும் அடங்கிய பிறகு வேனில் பெட்டிகள் ஏறின. முகத்தில் எண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டிருந்த செட்டின் வாத்தியாரிடம் பின்பாட்டு விஷயத்தைச் சொன்னேன். "நானும் பாத்தேங்க. கையால காட்டினேன், அவன் கண்ணை மூடிக்கினு பாடுறான்" என்றவர் மிருதங்கக்காரரைக் கூப்பிட்டார். பொன்னுருவி பாடும்போது அடி குறையட்டும், பின்பாட்டு தானாக இறங்கும் என்பது அவர் கணக்கு. பையனிடம், "ரெண்டாவது தருவுல சீக்கிரம் திரும்பிட்ட, நாளைக்கு இன்னும் காக்க வை" என்றார். அவன் சரி வாத்தியாரே என்று சொல்லிவிட்டு, அடுத்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று டிரைவரிடம் விசாரிக்கப் போனான்.