நான் கேட்காத அழைப்பு

என் அறைச் சுவரில் ஒரு க்யூஎஸ்எல் அட்டை ஒட்டியிருக்கிறது. கரீபியன் தீவு ஒன்றிலிருந்து வந்தது. அதியமான்கோட்டையிலிருந்து 14,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரோடு 1.8 மெகாஹெர்ட்ஸில் நான் மோர்ஸில் பேசியதற்கு அது அத்தாட்சி. அந்த அத்தாட்சி பொய். பொய் சொன்னவன் நான்.

ஹாம் வானொலிக்காரர்கள் இந்த 160 மீட்டர் அலைவரிசையை டாப் பேண்ட் என்போம். பகலில் இதில் தூரம் போக முடியாது. வெயில் இருக்கும்வரை வானத்தின் டி அடுக்கு அலையை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்து அது கரைந்த பிறகுதான் அலை மேலே போய், பட்டுத் திரும்பி, மறுபடி எழும்பிக் கடல்களைத் தாண்டும். இடி இருந்தால் இரவும் கெட்டது. பருவமழை ஓய்ந்த மார்கழியும் தையும்தான் எங்களுக்குக் காலம். இதற்காகவே கொல்லையில் 40 மீட்டர் கம்பியைத் தென்னை உச்சிக்கு ஏற்றி, அங்கிருந்து புளியமரத்துக்கு இழுத்துக் கட்டினேன். நிலக்கடலைக் காட்டில் ரேடியல் கம்பிகளைப் புதைத்தேன். நான்கு வருஷம் விடிகாலைகளில் உட்கார்ந்தேன்.

ஐந்தாம் வருஷம் தை மாதம். காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக் கூட்டம் கலைந்த மறுநாள், விடிவதற்கு முன், அந்தக் கரீபியன் தீவுக்காரர் அழைத்துக்கொண்டிருப்பதாக இணையத்தில் பார்த்தேன். ஹெட்போனை மாட்டினேன். எல்இடி விளக்குகளின் இரைச்சல், யார் வீட்டிலோ ஓடும் இன்வெர்ட்டரின் உறுமல். அவர் இல்லை. இருபது நிமிடம் போயிற்று. கிழக்கு வெளுத்துவிட்டால் இன்னொரு வருஷம்.

கைப்பேசியை எடுத்தேன். ஐரோப்பாவில் யார் வேண்டுமானாலும் இணையம் வழியாகக் கேட்கும்படி திறந்து வைத்திருக்கும் ரிசீவர் ஒன்றில் அவருடைய குறி துல்லியமாகக் கேட்டது. மோர்ஸ் கீயைத் தட்டினேன். என் அழைப்புக்குறியும் 599-ம் திரும்பி வந்தன, கைப்பேசியில். நானும் 599 அனுப்பினேன். உங்கள் குறி தெளிவாக, பலமாக விழுகிறது என்று அதற்குப் பொருள். என் கம்பியில் அவருடைய ஒரு டிட், ஒரு மோர்ஸ் புள்ளி கூட விழவில்லை.

அனுப்புவதும் கேட்பதும் ஒரே நிலையத்தில் நடக்க வேண்டும் என்பது, பல நாடுகளோடு பேசியதற்குத் தரும் டிஎக்ஸ்சிசி விருதின் விதி. அது தெரிந்தேதான் லாக் புத்தகத்தில் எழுதினேன். கை நடுங்கவே இல்லை.

1901 டிசம்பர் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தில் பட்டம் விட்டுக் கம்பியைத் தூக்கிய மார்க்கோனி, இங்கிலாந்திலிருந்து வந்த மூன்று டிட்களைக் கேட்டதாகச் சொன்னார். நட்டநடுப் பகலில் அந்த அலை அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்குமா என்று இன்றும் ஐயப்படுகிறவர்கள் உண்டு. அவருக்கும் உதவியாளர் கெம்ப்புக்கும் காதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஆனால் அவர் கேட்டதாக நம்பினார். நான் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அட்டையோடு அந்தத் தீவுக்காரர் கடிதமும் வைத்திருந்தார். காற்றில் ஆண்டெனா பாதி சரிந்திருந்ததாம். அப்படியும் தன்னைப் பிடித்த என் காதை வியந்து எழுதியிருந்தார். நன்றி சொல்லிப் பதில் போட்டேன்.

இதைவிட மோசம் வேறொன்று. பொதுநிலை ஹாம் உரிமத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் வேண்டும் என்று என்னிடம் மோர்ஸ் பழக வந்தான் ஒரு பாலிடெக்னிக் பையன். அட்டையைப் பார்த்து, “இவ்ளோ இரைச்சல்ல எப்படி சார் கேட்டுச்சு?” என்றான். “காது பழகணும்ப்பா” என்றேன். அன்றிலிருந்து அவன் விடிகாலை நாலு மணிக்கே வந்து என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து, “எனக்குக் காது சரியில்லை போல சார், டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருக்கேன்” என்றான்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன், கைப்பேசியையும் காட்டி. அவன் கோபப்படவில்லை. ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுருட்டி மேசைமேல் வைத்தான். “அப்ப என் காது நல்லாத்தான் இருக்கு” என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அதன்பிறகு வரவில்லை.

லாக் புத்தகத்தில் அந்த வரியை அடித்துவிட்டேன். தீவுக்காரருக்கு உண்மையைச் சொல்லி எழுதிய கடிதத்தை நாளை தபாலில் சேர்ப்பேன், அட்டையையும் உள்ளே வைத்து.