காலா, கோலா?

விதி தெரிந்தவன் அநீதி செய்யமாட்டான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தவன் நான். அந்த நம்பிக்கையை அசைத்தவன் என் மாணவன் ஒருவன்.

ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், உடப்புக் கடற்கரையை அடுத்த மணல்வெளி ஒன்றில் எங்கள் மாணவர்களின் இல்லங்களுக்கிடையிலான கிரிக்கெட் போட்டி நடைபெற்றது. ஒருபுறம் தென்னந்தோப்பு, மறுபுறம் கடல். நடுவர் தொப்பி என் தலையில் இருந்தது. ஐந்து விக்கெட்டுகள் விழுந்தபின் மட்டையுடன் வந்தான் ஒரு பையன். பிறவியிலேயே அவனுடைய வலக்கால் சூம்பியிருந்தது. நடப்பான், விரைந்து ஓட இயலாது. ஆனால், மட்டை பிடித்தால் அவன் வேறு ஆள். பந்து எங்கே விழும் என்பதை அவனுடைய கண் முன்னரே அறிந்துவிடும்.

“சேர், நான் அடிக்கிறேன். எனக்காக இவன் ஓடட்டும்” என்று தன் தோழனைக் காட்டினான்.

கிரிக்கெட் மொழியில் அப்படி ஓடுபவனை ‘ரன்னர்’ என்பார்கள். அந்த விதியை நான் நன்கு அறிவேன். ஆட்டத்தின்போது காயமடைந்தவனுக்கு மட்டுமே ரன்னர் உண்டு. முன்னரே இருந்த குறைபாட்டுக்கு இல்லை. அதையே சொன்னேன்.

அவன் சிறிது நேரம் என்னைப் பார்த்தான். “அப்ப, நான் இந்தக் கிரவுண்டில விழுந்து காலை முறிச்சிக்கிட்டா விடுவீங்களா, சேர்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மட்டையைத் தோழனிடம் கொடுத்துவிட்டு, வேலியோரம் அமர்ந்து ஓட்டக் கணக்கு எழுதத் தொடங்கினான். அன்று மாலை வீட்டுக்குத் திரும்பியபோது, என் தீர்ப்பில் பிழையில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் கரைவலை இழுக்கும் இடத்தில் அவனுடைய தந்தையைக் கண்டேன். இரு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, கயிற்றைப் பற்றிப் பின்னோக்கி நடந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் முதியவர் ஒருவர் மணலில் அமர்ந்து, வந்து சேரும் கயிற்றை வளையம் வளையமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். பையனின் தந்தை அவரைச் சுட்டிக் காட்டினார். “அவருக்குக் கால் சரியில்ல, சேர். நின்று இழுக்க மாட்டார். ஆனா, பங்கு பிரிக்கிறப்ப அவர் பேரு விடுபடாது. வலை கரைக்கு வரணும், அதுதானே வேலை?” என்றார். என்னைக் குறை கூறும் தொனி அதில் இல்லை. அதனாலேயே அச்சொல் ஆழமாகத் தைத்தது.

எது வேலை, எது அந்த வேலையைச் சூழ்ந்த வழக்கம் என்று பிரித்தறிவது எளிதன்று. இதே கேள்வியை அமெரிக்காவின் உயர்நீதிமன்றமே ஒருமுறை எடுத்து விசாரித்திருக்கிறது என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். வழக்குக்குக் காரணமாயிருந்தது கோல்ப் விளையாட்டு; அதிலும் ஒரு சிறு வண்டி.

எங்கள் புத்தளக் கரையோரத்தில் உப்பளம் உண்டு, இறால் பண்ணை உண்டு, காற்றாலை உண்டு. கோல்ப் விளையாட்டை நாங்கள் தொலைக்காட்சியிலேதான் காண்கிறோம். கொழும்பிலும் நுவரெலியாவிலும் ஆங்கிலேயர் காலந்தொட்டே அது ஆடப்பட்டு வருகிறது. களனிவெளி ரயிலில் பயணம் செய்தவர்கள், றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் பசும்புல் வெளியூடே ரயில் செல்வதைக் கண்டிருப்பார்கள். ஆட்டத்தின் அடிப்படை எளியது. கோலால் பந்தை அடித்துப் பதினெட்டுக் குழிகளில் ஒவ்வொன்றாக விழுத்தவேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவர் வெல்வார். ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 5 மைல் நடக்கவேண்டும். முதியோரும் ஓய்வுக்காக ஆடுவோரும் அந்தத் தூரத்தை மின்கல வண்டியில் கடப்பதுண்டு. அதற்குப் பெயர் பக்கி. நம் பாட்டன்மார் காலத்துப் பக்கி வண்டியைக் குதிரை இழுத்தது. இதற்குக் குதிரை இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

கேசி மார்ட்டின் என்ற அமெரிக்க இளைஞர் பிறவியிலேயே வலக்காலில் இரத்த ஓட்டக் கோளாறு உடையவர். நடப்பது அவருக்கு வலி மட்டுமன்று, ஆபத்துமாகும். இரத்தம் கட்டலாம், எலும்பு முறியலாம், காலையே இழக்க நேரலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்திருந்தனர். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக அணியில் ஆடியவர்; பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற டைகர் வூட்ஸ் அங்கே அவருடைய அணித் தோழர். கல்லூரிப் போட்டிகளில் அவருக்கு வண்டி அனுமதிக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டு தொழில்முறை ஆட்டக்காரருக்கான தகுதிப் போட்டியில் இறங்கினார். அதன் முதலிரு கட்டங்களில் யாரும் வண்டி ஏறலாம். மூன்றாவது கட்டத்திலோ எல்லோரும் நடந்தே ஆகவேண்டும். தமக்கு விலக்களிக்குமாறு அவர் கேட்டார், பி.ஜி.ஏ. டூர் என்ற அமைப்பு மறுத்தது. உடற்குறையுடையோரின் உரிமைக்கென 1990இல் இயற்றப்பட்ட சட்டத்தைத் துணைக்கொண்டு அவர் நீதிமன்றம் சென்றார்.

அமைப்பின் வாதத்தை எள்ளி நகையாடுதல் தகாது. சோர்வும் ஆட்டத்தின் ஒரு பகுதியே, நடந்து களைத்த கால்களோடு கடைசிக் குழியில் கை நடுங்காமல் அடிப்பவனே வீரன் என்றது அது. ஜாக் நிக்லஸ், ஆர்னோல்ட் பாமர் ஆகிய பெரும் ஆட்டக்காரர்களும் நடையை ஆதரித்துச் சாட்சியமளித்தனர். ஒருவர் வண்டியில் செல்ல மற்றவர்கள் நடந்தால், போட்டி சமமாகுமா?

நீதிமன்றம் இதை ஊகத்துக்கு விடாமல் ஆராய்ந்தது. ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் மெதுவாக நடந்து முடிக்கும் ஒரு சுற்றுக்குச் செலவாகும் சக்தி சுமார் 500 கலோரி என்றும், அது பெருஞ்சோர்வைத் தரும் அளவினதன்று என்றும் தெரியவந்தது. வண்டி இருந்தாலும் அதிலிருந்து பந்து கிடக்கும் இடத்துக்கும் குழிக்கும் மார்ட்டின் நடக்கும் தூரம் ஒரு சுற்றில் ஒரு மைலுக்கு மேல். நல்ல காலுடைய மற்றவர்கள் 5 மைல் நடந்து அடையும் களைப்பைவிட, வண்டியிற் சென்ற அவர் அடைந்த களைப்பே அதிகம். 2001ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி, ஏழு நீதிபதிகள் அவர் பக்கமும் இருவர் எதிர்ப்பக்கமுமாகத் தீர்ப்பு வெளிவந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டீவன்ஸ். கோலால் பந்தை அடிப்பதே கோல்பின் சாரம். நடை அதன் சாரமன்று என்பது அதன் கருத்து.

மாறுபட்டவர்களுள் ஒருவரான நீதிபதி ஸ்காலியாவின் வாதமும் மாணவர்கள் சிந்திக்கத் தக்கது. விளையாட்டின் விதிகள் யாவுமே மனிதன் தன் விருப்பப்படி வகுத்தவை. அவற்றுள் இது சாரம், இது சக்கை என்று பிரிக்க நீதிபதி யார் என்று அவர் கேட்டார். நான் பல நாள் அவர் கட்சியிலேயே இருந்தேன். விதி ஒருவருக்கு வளைந்தால் நாளை ஒவ்வொருவரும் ஒரு மருத்துவக் கடிதத்துடன் வருவர் அன்றோ?

அந்த அச்சம் வீணானதன்று என்பதற்குக் கிரிக்கெட்டே சான்று. 1997இல் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கு எதிராகப் பாகிஸ்தானின் சயீட் அன்வர் 194 ஓட்டங்கள் எடுத்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்றைய வெயிலில் அவர் சோர்ந்தபோது அவருக்காக ஓடியவர் ஷஹிட் அப்ரிடி. அந்த ஆட்டத்தின் அழகை மெச்சியவர் பலர். ரன்னர் கொடுத்தது நியாயமா என்று முணுமுணுத்தவரும் உண்டு. சலுகை தவறாகப் பயன்படுகிறது என்ற குறை வளர்ந்து, 2011 ஒக்டோபர் முதல் சர்வதேச ஆட்டங்களில் ரன்னர் முறையே நீக்கப்பட்டது. சிலர் செய்த தந்திரத்துக்கு உண்மையாகவே காயமடைந்தவனும் விலை கொடுத்தான்.

கோல்பிலும் இழுபறி ஓயவில்லை. 2019ஆம் ஆண்டு, முழங்கால் தேய்மானத்தால் வருந்திய ஜோன் டேலி என்ற முன்னாள் வெற்றியாளருக்கு அமெரிக்காவில் நடந்த பி.ஜி.ஏ. சம்பியன்ஷிப்பில் வண்டி கிடைத்தது. அதே ஆண்டில் வட அயர்லாந்தின் போர்ட்ரஷில் நடந்த பிரித்தானிய ஓப்பன் போட்டிக்கு அவர் கேட்டபோது மறுத்துவிட்டார்கள்; அவர் விலகிக்கொண்டார். கால் ஒன்று, ஆண்டு ஒன்று, தீர்ப்பு இரண்டு. டேலியின் வண்டியைப் பற்றிக் கேட்டபோது டைகர் வூட்ஸ், தாம் முறிந்த காலோடு நடந்ததைச் சொன்னார். அது வெறும் பெருமையன்று. 2008இல் கால் எலும்பில் முறிவுகளோடு 91 குழிகள் நடந்து அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றவர் அவர். அந்த மனவலிமையை வணங்குகிறேன். ஆயினும், ஒருவர் தாமாக ஏற்ற வேதனையை மற்றவர் அனைவருக்கும் நுழைவுக் கட்டணமாக வைத்தல் முறையாகுமா? நாள்தோறும் சூம்பிய காலோடு எழுந்து நடப்பவன், யாரும் கைதட்டாத ஒரு போட்டியைக் காலையிலேயே ஆடி முடித்துவிட்டல்லவா மைதானத்துக்கு வருகிறான்?

இன்றைய கோல்ப் விதிகள் இவ்விடயத்தில் ஓரளவு தெளிவடைந்துள்ளன. வண்டி ஏறலாகாது என்று போட்டிக் குழு விதி செய்யாதவரை ஆட்டக்காரர் ஏறலாம். ஆட்டத்தினிடையே திடீரென நோயோ காயமோ ஏற்பட்டால், தேறிக்கொள்வதற்குக் குழு வழக்கமாக 15 நிமிடம் வரை அனுமதிக்கும். 2023இல் வந்த பதிப்பில் உடற்குறையுடைய ஆட்டக்காரர்களுக்கான மாற்றங்கள் தனி விதியாகவே சேர்க்கப்பட்டுவிட்டன. இவற்றிலிருந்து நம் பள்ளிகளும் கழகங்களும் கற்கக்கூடிய நெறி ஒன்றுண்டு: யாருக்கு, எப்போது, எவ்வளவு உதவி என்பதைப் போட்டிக்கு முன்னரே எழுதி எல்லோரும் அறியச் செய்யவேண்டும். நேற்றுச் சுளுக்கிய காலையும் பிறவியிற் குறைந்த காலையும் வெவ்வேறாக எடைபோடவேண்டும். ஆட்டத்தின் நடுவே, தோல்வி நெருங்கும் வேளையில் முடிவு செய்யப் புகுந்தால், அன்பும் சூழ்ச்சியும் ஒரே முகத்தோடு தோன்றும்.

இவையெல்லாம் நமக்குப் புதியன என்று எண்ணவேண்டியதில்லை. உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் பாரதக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். குருசேத்திரத்தில் போர் தொடங்குமுன் இரு தரப்பும் விதி வகுத்துக்கொண்டன: தேரில் இருப்பவன் தேரில் இருப்பவனோடும், காலாள் காலாளோடும் பொருதவேண்டும். வண்டியில் இருப்பவனும் தரையில் நிற்பவனும் மோதுதல் சமமன்று என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர். பி.ஜி.ஏ. டூரின் வாதமும் இதுவே. ஆனால், இராமாயணம் அந்நியாயத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. இராவணன் தேரில் நிற்க இராமன் தரையில் நின்றபோது, தேவர் உலகம் வருந்தியது. இந்திரன் மாதலியிடம் தன் தேரைக் கொடுத்து அனுப்பினான். அந்தத் தேர் இராமனுக்காக அம்பு எய்யவில்லை, எய்தவன் இராமனே. தரையில் இருந்த குறையை மட்டும் அது நிரவிற்று.

ஆகவே, உதவியைக் கண்டவுடன் ‘இது சமமா?’ என்று கேட்பது சரியே. ஆனால், அதற்கு முன்னர் வேறொன்றைக் கேட்கவேண்டும்: உதவி வருவதற்கு முன் சமமாக இருந்ததா? மார்ட்டினின் வண்டி அவருக்காக ஒரு பந்தையேனும் அடிக்கவில்லை. 1998இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் வண்டியோடு ஆடிய அவர் 23ஆம் இடத்தைப் பகிர்ந்தார், பட்டம் வென்றுவிடவில்லை. வண்டி அவருக்கு வெற்றியைத் தரவில்லை. மற்றவர்களைப் போலத் தோற்கும் உரிமையைத் தந்தது. பின்னர் ஒரிகன் பல்கலைக்கழக அணியின் பயிற்றுநரானார். 2021இல் அந்த வலக்காலை மருத்துவர்கள் அகற்றவே நேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் கூறிய அச்சம் சாக்கன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இவற்றைப் படித்த ஆண்டில், இல்லப் போட்டிக்கான விதித்தாளில் ஒரு வரி சேர்த்தோம்: நிலையான கால் குறைபாடுடைய மாணவன், போட்டிக்கு முன்னரே அறிவித்து, தொடக்கம் முதலே ரன்னர் பெறலாம். ஆட்சேபித்த ஆசிரியர் ஒருவரும் வாசித்துப் பார்த்துக் கையொப்பமிட்டார். ஆனால், யாருக்காக அந்த வரி எழுதப்பட்டதோ அவன் அதற்குள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து, உப்பளம் ஒன்றில் கணக்கெழுதப் போயிருந்தான்.

அவ்வாண்டுப் போட்டியைக் காண அவன் வந்தான். பலகையில் ஒட்டியிருந்த விதித்தாளை நின்று வாசித்தான். நான் அருகே சென்று, “அன்றைக்கு நான் யோசித்திருக்கவேண்டும், தம்பி” என்றேன். வேறு சொல் எனக்கு வரவில்லை.

“இப்ப எழுதியிருக்கீங்களே, சேர்” என்று சொல்லிவிட்டு, கணக்குப் புத்தகம் எங்கே என்று கேட்டான். அன்றும் அவனே வேலியோரம் அமர்ந்து ஓட்டக் கணக்கை எழுதினான். அதில் ஓர் ஓட்டமும் பிழைக்கவில்லை. அவன் எடுத்திருக்கவேண்டிய ஓட்டங்கள் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.