அம்மா வைத்த கெடு!

அப்பாவின் அம்பாசிடர் 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன இனம். பின்பக்கம் தொங்கிவிட்டது. "இந்தத் தடவையும் இடுப்பு பிடிச்சுதோ, வித்துடு!" - அம்மாவின் கெடு. பயணமோ சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டுக்கு. 20 கொண்டை ஊசி வளைவுகள்!

"பின்னாடி லீஃப் ஸ்பிரிங்ல ஒரு பட்டை சேர்த்துப் போட்டுடுங்கண்ணே" என்றேன், சேலத்து மெக்கானிக்கிடம்.

"மூட்டையா ஏத்தப் போறீங்க தம்பி? பட்டை கூடினா வண்டி தூக்கி நிக்கும், ஆனா விறைச்சுக்கும். ஆளில்லாம போறப்ப, வளைவுல ஒரு பள்ளம் வந்தா சக்கரம் குதிச்சு பிடி விட்டுடும்."

பழைய பட்டைகளையே அடித்து வளைவேற்றி, ரப்பர் புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் மட்டும் புதிதாக மாட்டிக் கொடுத்தார்.

இருபதாவது வளைவும் தாண்டி, லேடீஸ் சீட்டில் இறங்கினோம். கீழே தீப்பெட்டி தீப்பெட்டியாகச் சேலம். அம்மா இடுப்பில் கை வைத்தாள். எனக்கு 'திக்'கென்றது.

"காபித் தோட்டத்து ஊருன்னியே... எங்கடா காபி?" என்றாள்.

வண்டி பிழைத்தது!