நேயர்

வானொலி கேட்டவர்கள் நேயர்கள். தொலைக்காட்சி வந்தது, பார்த்தவர்களும் நேயர்களே. ஊடகம் மாறியும் தமிழ் வேறு சொல் தேடவில்லை, ஏனென்றால் அந்தச் சொல்லில் காதும் இல்லை, கண்ணும் இல்லை. வடமொழி 'ஸ்நேகம்' தமிழில் நேயம் ஆயிற்று. நேயம் உள்ளவர் நேயர்.

'பார்வையாளர்' என்றும் எழுதுகிறார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வருகிறவரும் பார்வையாளர்தான், மைதானத்தில் கிரிக்கெட் பார்க்கிறவரும் பார்வையாளர்தான். 'ரசிகர்' நட்சத்திரங்களுக்கு உரியவர். நேயர் ஒருவர்தான் பேசுகிறவருக்கு வேண்டியவர்.

இந்தச் சொல்லைத் தமிழர் காதுகளில் பதிய வைத்ததில் இலங்கை வானொலி அறிவிப்பாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 'நேயர் விருப்பம்' நிகழ்ச்சியில் பாட்டுக்கு முன்னால், அதைக் கேட்டு எழுதியவர்களின் பெயர்களை ஊர் ஊராக வாசிப்பார்கள். தென் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயர் கடல் கடந்து கொழும்பிலிருந்து ஒலிக்கும். பாட்டைவிடப் பெயருக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. என் அத்தை அவர்களில் ஒருத்தி. தபால் அட்டையில் அவள் அழகாக எழுதியதெல்லாம் வானொலி நிலையத்துக்குத்தான்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. அதில் பின்னர் வந்த 'எதிரொலி' எனக்கு மிகப் பிடித்த நிகழ்ச்சி. நேயர்களின் கடிதங்களை வாசித்து நிலையத்தாரே பதில் சொல்வார்கள். பாராட்டும் வரும், கடுமையான குறையும் வரும். திரைப்பாடல் நிகழ்ச்சியான 'ஒலியும் ஒளியும்' பார்க்கக் கூடுகிற கூட்டம் இதற்குக் கூடாது. ஆனாலும் எங்கள் வீட்டில் தவறவிட்டதில்லை. யாரோ ஒருவரின் புகாருக்கு அரசு நிறுவனம் ஒன்று எல்லோர் முன்னிலையிலும் விளக்கம் சொல்வது அன்று சாதாரணக் காரியமா? நேயர் என்று அழைத்தால் அவருக்குப் பதில் சொல்லும் கடமையும் வந்துவிடுகிறது.

இன்று சேனல்கள் டிஆர்பியைப் பார்க்கின்றன. அதற்காகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் பொருத்திய மீட்டர், எந்த சேனல் எவ்வளவு நேரம் ஓடியது என்று சொல்லும். பார்த்தவருக்கு எந்தக் காட்சியில் மனம் கசந்தது என்று அது சொல்லாது. யூடியூபில் 'வியூஸ்', 'சப்ஸ்கிரைபர்' என்ற கணக்கு. கருத்துகள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. அவற்றை ஒருவர் உட்கார்ந்து வாசித்துப் பெயர் சொல்லிப் பதில் தருவது அபூர்வம்.

விளம்பர இடைவேளைக்கு முன் 'நேயர்களே' என்று இன்றும் அழைக்கிறார்கள். அப்படி அழைக்கும் ஒவ்வொரு சேனலும் வாரத்தில் அரை மணி நேரம் ஒரு 'எதிரொலி' நடத்தட்டும். எழுத ஆள் இருக்கிறார்கள்.