கண் திறக்காத குதிரைகள்

வாதி செய்து கொடுத்தவை வெறும் மண்பாண்டங்கள், பானை சட்டிக்கு மேல் அவற்றுக்குத் தனி உரிமை எதுவும் கிடையாது. பிரதிவாதி தாக்கல் செய்த எதிருரையின் சாரம் இதுதான்.

வாதி புதுக்கோட்டைப் பக்கத்து வேளார். தலைமுறை தலைமுறையாக அய்யனார் கோயில்களுக்குப் புரவி செய்கிற குடும்பம். ஒரு தங்கும் விடுதியின் வாசலுக்கு ஆளுயரத்துக்கு மேலாக இரண்டு சுடுமண் குதிரைகள் செய்து கொடுத்திருந்தார். பிறகு விடுதி கைமாறியது. புதிய நிர்வாகம் அவற்றுக்குப் பொன்நிற எனாமல் அடித்தது. விலாவில் துளையிட்டு உள்ளே வண்ண விளக்குகளை வைத்தது. மார்பில் விடுதியின் பெயரையும் எழுதிவிட்டது.

“பணமெல்லாம் வாங்கிட்டேன் ஐயா, அதுல குறையில்ல. ஆனா இதையும் நான் செஞ்சதுன்னுதானே ஊர்ல சொல்றாங்க” என்றார் அவருடைய வக்கீலான என்னிடம்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இப்படிப்பட்டவருக்காகவே இருக்கிறது. படைப்பை விற்ற பிறகும், தன் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் படைத்தவர் வழக்குத் தொடுக்கலாம். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த மாபெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல், மிஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடமே ஒப்படைக்கச் சொல்லி, ஐந்து லட்ச ரூபாய் இழப்பீடும் வழங்கியது. நான் முதலில் எடுத்து வைத்தது அந்தத் தீர்ப்பைத்தான். சிற்பம் என்றால் கலைநயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கலைப்படைப்பே என்று 2(சி) பிரிவு சொல்வதையும் சுட்டிக்காட்டினேன். அழகுக்குத் தீர்ப்பு எழுதும் சுமையை நீதிபதியின் தலையில் ஏற்றாத நல்ல பிரிவு அது.

எதிர்த்தரப்பு வக்கீல் திறமைசாலி. உடனே வேறு வழிக்குப் போனார். எல்லா அய்யனார் குதிரையும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, இதில் இவருடைய சொந்தப் படைப்பு எங்கே என்றார். எனக்குச் சிற்பி பிரான்குசியின் வழக்கு நினைவுக்கு வந்தது. அவருடைய ‘வெளியில் பறவை’ என்ற வெண்கலச் சிற்பம் 1926இல் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது, இது பறவையைப் போலவே இல்லை, கலை அல்ல என்று சுங்கத்துறை 40 சதவீத வரி கேட்டது. 1928இல் நீதிமன்றம் அது கலையே என்று தீர்ப்பளித்தது. அங்கே ஒத்துப்போகாதது குற்றம். இங்கே ஒத்துப்போவது குற்றம். செய்தவனின் கையை இரண்டு தரப்புமே பார்க்கவில்லை என்பது என் வாதம்.

அந்தக் கையை வேளாரே காட்டினார். களிமண்ணில் மணலும் வைக்கோலும் கலந்து, முதலில் நாலு காலையும் உருளையாக எழுப்ப வேண்டும். கால் பதமாகக் காய்ந்த பிறகுதான் வயிற்றை ஏற்ற முடியும். ஈரம் மிஞ்சினால் கால் உட்கார்ந்துவிடும். அதிகம் காய்ந்தால் மேல்மண் பிடிக்காது. “கழுத்தை எங்கய்யா நேரா நிமித்துவாரு. நான் கொஞ்சம் பின்னால இழுத்து வைப்பேன், கடிவாளத்தை யாரோ பிடிச்ச மாதிரி” என்று கூண்டிலேயே தன் கழுத்தைச் சாய்த்தார். நீதிபதி இன்னொரு முறை காட்டச் சொன்னார்.

வழக்கு திரும்பியது விடுதி மேலாளரின் குறுக்கு விசாரணையில். எதற்காகப் பொன்நிறம் அடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. விருந்தினர்கள் குதிரைகளுக்கு முன்னால் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்களாம். சிலர் செருப்பைக் கழற்றுகிறார்களாம். விடுதி வாசல் கலகலப்பாக இருக்க வேண்டும் என்பதால்தான் வண்ணமும் விளக்குமாம். பார்ப்பவரிடம் அந்தக் குதிரைகள் உண்டாக்கியதை அழிக்கவே அவற்றின் மேல் கைவைத்தோம் என்ற ஒப்புதல் இது. இதைவிட நல்ல சாட்சியத்தை நானே தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

அப்படியானால் அது பக்தி, கலை அல்ல என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அதற்கும் வேளாரின் சாட்சியத்தில் பதில் இருந்தது. பிடிமண் கொடுத்துச் செய்கிற கோயில் புரவிக்குத்தான் கண் திறப்பு நடக்கும். அதன் பிறகே அது சாமிக்கு உரியது. விடுதிக் குதிரைகளுக்குப் பிடிமண்ணும் இல்லை, கண் திறப்பும் இல்லை. செருப்பைக் கழற்ற வைத்தது அந்தக் கழுத்தின் வளைவுதான் என்று வாதிட்டேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. இழப்பீட்டுத் தொகை சிறிதுதான். சுடுமண்ணில் ஊறிய எனாமலை எடுக்க முடியாது என்பதால், பெயரை அழித்து, குதிரைகளை வேளாரிடமே ஒப்படைக்க உத்தரவானது. அவர் அவற்றை உடைத்து, வேறு வேலைக்கான களிமண்ணில் பொடியாகக் கலந்துகொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்கு அதில் தயக்கமே இல்லை.

இப்போது வேளார்களுக்கோ ஸ்தபதிகளுக்கோ ஒப்பந்தம் எழுதும்போது இரண்டு ஷரத்துகளைத் தவறாமல் சேர்க்கிறேன். செய்தவர் பெயர் பீடத்தில் இருக்க வேண்டும். அவர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்காமல் வண்ணமோ துளையோ கூடாது. வாங்குகிறவர்களில் முதல் ஷரத்துக்கு மறுப்புச் சொல்கிறவர்கள் குறைவு. இரண்டாவதில்தான் பேரம் நீள்கிறது.